தூக்கத்துக்குப் பர்மிட் இல்லை

சட்டப் புத்தகங்களை மட்டும் படித்துவிட்டு இந்தியாவுக்கு வருகிற ஒருவர், இந்த நாட்டு லாரி டிரைவரைப் போல நிம்மதியாகத் தூங்குகிறவர் உலகத்திலேயே இல்லை என்றுதான் நினைப்பார். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று டிரைவரின் வேலைக்கு எல்லை போட்டது. நீண்ட தூரம் என்றால் உரிய அனுமதியோடு 10 மணி நேரம்வரை போகலாம். ஆனால் வாரக் கணக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு. 1988-இன் மோட்டார் வாகனச் சட்டம் தன் 91-வது பிரிவில் இதே வேலை நேரத்தை வழிமொழிந்தது. அதோடு நிற்கவில்லை. டிரைவர் தானாக நேரத்தை மீறுவது மட்டுமல்ல, அவரை மீற வைப்பதும், மீறுவதைப் பார்த்துக்கொண்டு அனுமதிப்பதும் குற்றம் என்றது. வேலை நேரத்தை முன்கூட்டியே நிர்ணயித்துப் பதிவு செய்து வைக்கும்படி முதலாளிகளைக் கேட்கும் அதிகாரத்தையும் மாநில அரசுகளுக்குக் கொடுத்தது.

அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த விதிகள் இருந்தும், சேவ்லைஃப் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வில் பேசிய லாரி டிரைவர்கள் சராசரியாக நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டுவதாகச் சொன்னார்கள். களைப்போ தூக்கமோ வந்தாலும் வண்டியை நிறுத்துவதில்லை என்று ஏறத்தாழ பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

இதற்கு டிரைவரின் பேராசையோ முரட்டுத்தனமோ காரணமென்று சொல்வது சுலபம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். சென்னையிலிருந்து டெல்லிக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர். லோடு ஏற்றிய லாரி, டோல்கேட், ஊர் நெரிசல், மலைப்பாதை எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 8 மணி நேரத்தில் 320 கிலோமீட்டர். சட்டப்படி ஒரே டிரைவர் ஓட்டினால் டெல்லி போய்ச் சேர 7 நாள். நான்கு நாளில் சேர்ப்பதாகப் பேசி ஏற்றிய சரக்கானால், நாளுக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் சக்கரம் உருள வேண்டும். லோடு ஏற்றும் நேரம், தார்ப்பாய் கட்டும் நேரம், சாப்பாடு, குளியல், பஞ்சர் எல்லாம் மீதி 10 மணி நேரத்துக்குள். தூக்கமும் அதற்குள்ளேதான்.

அழுகும் சரக்கானால் நிலைமை இன்னும் மோசம். ஆந்திரத்தில் பீமவரம் பக்கமிருந்து ஐஸ் போட்டு ஹவுராவுக்கும் குவஹாத்திக்கும் போகும் மீன் லாரிக்கு, ஐஸ் உருகும் வேகம்தான் கால அட்டவணை. சிம்லா மலையிலிருந்து இறங்கும் ஆப்பிள் லாரி டெல்லி ஆசாத்பூர் மண்டிக்கு ஏலம் தொடங்குவதற்குள் வந்தாக வேண்டும். தாமதமானால் சரக்கு விலை இறங்கும். இறங்கிய விலையை யாராவது வாடகையில் பிடிப்பார்கள். எந்த விதிமுறைப் புத்தகமும் அந்தப் பிடித்தத்துக்கு முன் நிற்காது.

தூக்கம் என்பது மன உறுதியால் வெல்லக்கூடிய எதிரி அல்ல. அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணிவரை உடம்பின் கடிகாரம் தானாகவே இறங்குகிறது. பிற்பகலில் சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு முறை. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தடுமாறுகின்றன என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் ஆல்கஹால் அளவு 30 மில்லிகிராம்தான். அதாவது காலை 6 மணிக்கு எழுந்து, ஒரு சொட்டு மதுவும் தொடாமல், இரவு 11 மணிக்கு ஸ்டியரிங்கில் இருக்கும் டிரைவர் ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டிய நிலையில் இருக்கிறார். போலீஸிடம் குடியைக் கண்டுபிடிக்கக் கருவி உண்டு. தூக்கத்தைக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

தூங்குகிறோம் என்று தெரியாமலே மூன்று நொடி கண் மூடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த மூன்று நொடியில் லாரி 50 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே சாலையோரம் இன்னொரு லாரி பின்விளக்கு இல்லாமல் நின்றால் கதை முடிந்தது. இப்படி நடந்த பல விபத்துகளில் பிரேக் பிடித்த தடமே சாலையில் இருக்காது.

ஆனால் பதிவேட்டில் அது தூக்கம் என்று ஏறுவது அபூர்வம். 2023-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,72,890 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. விதிமீறல் வாரியாக அது போடும் பட்டியலில் அதிவேகம், குடிபோதை, தவறான பக்கம், சிவப்பு விளக்கு, செல்போன் என்று கட்டங்கள் உண்டு. மீதி எல்லாம் 'மற்றவை'. தூக்கத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. பிழைத்த டிரைவர் தூங்கிவிட்டேன் என்று தானாகச் சொல்லப் போவதில்லை. இறந்தவர் சொல்ல முடியாது. கணக்கில் வராத நோய்க்கு யாரும் மருந்து தேடுவதில்லை.

தேடவில்லை என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. இருந்த மருந்தும் எடுக்கப்பட்டது. நேஷனல் பர்மிட் லாரியில் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் காலை நீட்டிப் படுக்க முன் இருக்கைக்குப் பின்னால் இடம் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு விதி இருந்தது. நடைமுறையில் பல லாரிகளில் இரண்டாவது டிரைவரின் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் கிளீனர். டிரைவர்கள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் இரண்டு சம்பளம் கட்டுப்படியாகாது என்று உரிமையாளர்கள் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். 2018-இல் மத்திய அரசு அந்த விதியையே நீக்கிவிட்டது. கடைப்பிடிக்கப்படாத விதியைக் கடைப்பிடிக்க வைப்பதைவிட அழிப்பது சுலபம். இப்போது செலவைக் குறைக்கக் கிளீனரும் பல லாரிகளிலிருந்து இறங்கிவிட்டார். பேச்சுக் கொடுத்து விழிக்க வைக்கக்கூட ஆள் இல்லாமல் ஒற்றை டிரைவர் இரவைக் கடக்கிறார். துணைக்கு பீடி, குட்கா, டீ. வடமேற்குப் பாதைகளில் சிலருக்கு டோடா எனப்படும் அபினிக் காய்த்தோல்.

அடுத்தது சட்டத்தின் எல்லை. 1961 சட்டம் 5 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒன்றோ இரண்டோ லாரி வைத்து, பைனான்ஸ் தவணை கட்டிக்கொண்டிருக்கும் சின்ன உரிமையாளர்கள்தான் இந்த நாட்டு லாரித் தொழிலின் பெரும்பகுதி. அவர்கள் அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 1961 சட்டம் கரைந்தது. நாளுக்கு 8 மணி நேரம் என்பது மாறவில்லை. ஆனால் மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கான ஆள் கணக்கு 5-லிருந்து 10 ஆக உயர்ந்தது. வலையின் கண் இன்னும் பெரிதாகிவிட்டது. சின்ன மீன்கள் இன்னும் சுலபமாக வெளியே போகும். ஆள் எண்ணிக்கை பார்க்காமல் பேசுவது 91-வது பிரிவு ஒன்றுதான். சோதனைச் சாவடியில் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், பர்மிட், ஓவர்லோடு என்று கேட்கிற அதிகாரி, கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று கேட்பதில்லை.

சின்ன உரிமையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் முழு நியாயமாகாது. வாடகையைத் தீர்மானிப்பவர் அவர் இல்லை. லோடு புக்கிங் ஆபீஸிலிருந்தும் புரோக்கரிடமிருந்தும் வருகிறது. புரோக்கருக்குக் கம்பெனியிடமிருந்து வருகிறது. டீசலும் டோலும் தவணையும் போக மிஞ்சுவது, மாதத்தில் எத்தனை டிரிப் அடித்தார் என்பதைப் பொறுத்தது. டிரைவருக்கும் டிரிப்புக்கு இவ்வளவு என்றோ வாடகையில் இவ்வளவு சதவீதம் என்றோதான் கூலி. ஓடினால் காசு, நின்றால் இல்லை. இந்தக் கூலி முறையில் ஒவ்வொரு மணி நேரத் தூக்கத்துக்கும் டிரைவர் தன் பையிலிருந்து விலை கொடுக்கிறார்.

நிற்கும் நேரமோ கொஞ்சமில்லை. பெருநகரங்களில் பகலில் கனரக லாரிகளுக்கு நோ என்ட்ரி. ஊர் எல்லையில் வெயிலில் காத்துக் கிடந்து, இரவில் நுழைந்து, விடிவதற்குள் இறக்கிவிட்டு வெளியேற வேண்டும். பேக்டரி வாசலிலும் குடோன் வாசலிலும் ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்பு சாதாரணம். ஹால்டிங் சார்ஜ் என்று ஒன்று பேச்சில் உண்டு. அது கைக்கு வருவது அபூர்வம். காத்திருந்த நேரத்தை ஓட்டுநர் நெடுஞ்சாலையில் ஈடுகட்டுகிறார். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் மறைந்தபோது பல மணி நேரம் மிச்சமானது. மிச்சமான நேரம் கிலோமீட்டராகத்தான் மாறியது. சாவடி வரிசையில் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கியதும் போயிற்று.

பதிவு செய்ய வசதி இல்லை என்று அரசு சொல்ல முடியாது. சரக்குக்கு இ-வே பில் உண்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் காலாவதி உண்டு. ஒவ்வொரு டோல்கேட்டையும் லாரி எத்தனை மணிக்குக் கடந்தது என்பது ஃபாஸ்டாகில் பதிவாகிறது. வரி ஏய்ப்பைப் பிடிக்கவும் டோல் வசூலிக்கவும் இவ்வளவு துல்லியம். ஒரே ஆள் எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறார் என்று பார்க்க மட்டும் எந்தக் கருவியும் கட்டாயமில்லை. 2021 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்காரி, விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்துக்கு வரம்பு வேண்டும், தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் லாரியில் வேண்டும் என்றார். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வேலை நேர விதிகளை அமல்படுத்த வழி காண மாநில அதிகாரிகளோடு கூடிப் பேசும்படி மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த வழக்கு, கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்தது. விபத்தில் உடைந்த எலும்புகளைச் சேர்த்துவைக்கும் தொழிலில் இருப்பவருக்கு, விபத்து எங்கே தொடங்குகிறது என்று கேட்கத் தோன்றியதில் வியப்பில்லை.

ஐரோப்பாவில் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிற்க வேண்டும். நாளுக்கு 9 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வண்டியில் உள்ள டாக்கோகிராஃப் கருவி டிரைவரின் அட்டையில் இதைப் பதிகிறது. 2017 டிசம்பரிலிருந்து அமெரிக்காவிலும் மின்னணுப் பதிவு கட்டாயம். கருவியைவிட முக்கியமானது ஐரோப்பியச் சட்டத்தின் இன்னொரு வரி. ஓடிய தூரத்தையும் ஏற்றிய சரக்கின் அளவையும் பொறுத்துக் கூலி கொடுப்பது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்குமானால் அது கூடாது. சரக்கை அனுப்புகிறவர்கள் பேசி முடிக்கும் கால அட்டவணையும் ஓய்வு விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும். நேரத்தைக் குறிக்கிறவரும் பொறுப்பாளி.

இங்கே பொறுப்பு முழுக்க ஸ்டியரிங்கில் இருக்கிறது. புதிய தண்டனைச் சட்டத்தில், விபத்தில் உயிர் போய் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு சிறை என்ற பிரிவைக் கண்டு 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் நாடெங்கும் வண்டியை நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஜூலையில் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓடிப் போகிறவரை யாரும் ஆதரிக்க வேண்டியதில்லை. ஆனால் 18 மணி நேரம் ஓட்ட வைத்தவருக்கு எத்தனை ஆண்டு என்ற கேள்வி அந்த விவாதத்தில் பெரிதாக எழவே இல்லை.

நல்ல காரியங்கள் நடக்காமலில்லை. புதிய லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயமாகியிருக்கிறது. நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கு 1,000 ஓய்வு விடுதிகள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். இரண்டும் தேவை. ஆனால் கட்டில் இருந்தால் மட்டும் தூக்கம் வராது. படுக்க நேரம் வேண்டும், படுத்த நேரத்துக்குக் கூலி குறையக் கூடாது. காத்திருப்புக்குக் கட்டாய ஹால்டிங் சார்ஜ், டிரைவர் பெயரில் நேரப் பதிவு, முடியாத கெடு வைக்கும் கம்பெனிக்கும் 91-வது பிரிவின் கீழ் வழக்கு. இந்த மூன்றும் வந்தால் வாடகை கொஞ்சம் ஏறும். வெங்காயமும் சிமெண்டும் சில காசு கூடும்.

அந்தச் சில காசை மிச்சம் பிடித்துத்தான் நாடு மலிவாகச் சரக்கு வாங்கிக்கொண்டிருக்கிறது. பாக்கியைக் கட்டுவது லாரி டிரைவரும், அதிகாலையில் அவருக்கு எதிரே வர நேர்ந்தவர்களும்.