புலி உடம்பு, பூனை என்ஜின்!

குடும்பத்தோடு பெங்களூர் போகிறவர்கள் லால்பாக் பார்க்கிறார்கள். விதான சவுதா முன்னால் நின்று போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள். பழைய விமான நிலையச் சாலையில் ஒரு விமானக் காட்சிசாலை இருக்கிறது. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 2001-ல் திறந்தது. அந்தப் பக்கம் பலர் எட்டிப் பார்ப்பதில்லை.

வானத்தில் பொட்டுப் போலப் பார்த்த விமானங்களை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான்!

'எச்.டி.2' என்ற பயிற்சி விமானம் இருக்கிறது. நம் நாட்டு என்ஜினீயர்களே வரைந்து, நம் தொழிலாளர்களே செய்தது. 1951 ஆகஸ்டு 5-ந் தேதி முதன்முதலில் பறந்தது.

ஆனால், நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது 'மாருத்'. கூரிய மூக்கு, பின்னுக்குச் சாய்ந்த இறக்கைகள். ஒலியை மிஞ்சிப் பறக்கவேண்டும் என்று கனவு கண்டு செய்த போர் விமானம். வடிவமைத்தவர், ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க். 1961 ஜூன் 17-ந் தேதி சுரஞ்சன் தாஸ் என்ற விமானி அதை முதலில் ஓட்டிப் பார்த்தார்.

உடம்பு புலி. என்ஜினோ பூனை!

மாருத்துக்கு என்று நினைத்திருந்த பெரிய என்ஜினைப் பிரிட்டனில் பாதியிலே கைவிட்டார்கள். மேற்கொண்டு ஆகும் செலவை இந்தியாவும் ஏற்கவில்லை. கடைசியில் 'நாட்' என்ற குட்டி விமானத்தின் என்ஜின் ரகத்தில் இரண்டை மாட்டினார்கள். நினைத்த வேகம் வரவில்லை. என்ஜின் சக்தியைக் கூட்டிச் சோதித்தபோதுதான், 1970 ஜனவரியில், சுரஞ்சன் தாஸ் விபத்தில் உயிர் விட்டார். அப்படியும், 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் நம் படைக்குக் கைகொடுத்தது மாருத்.

நீளம் இவ்வளவு, எடை இவ்வளவு என்று கணக்குச் சொன்னால் போதுமா? "இவ்வளவு அழகான விமானம் ஏன் வேகமாகப் போகலை, அப்பா?" என்று பையன் கேட்டால், அப்பா என்ன சொல்வார்? அந்தப் பதிலைப் பெரிய எழுத்தில், எல்லோருக்கும் புரிகிற பாஷையில் எழுதி வைக்க வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. இன்று அதே பெங்களூரில் செய்யும் 'தேஜஸ்' போர் விமானத்துக்கும் என்ஜின் அமெரிக்காவிலிருந்துதான் வருகிறது!

தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மெக்கானிக்குகள் அந்த ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். விடுமுறை நாட்களில் அவர்களில் ஒருவரை அழைத்து, மாருத் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம். பிள்ளைகள் கேட்கட்டும், அவர் சொல்லட்டும்.