குட்டியோடு வந்த விருந்தாளிகள்

"ஏம்மா, பத்தாவது மாடியில இருக்கிற குட்டிக்கு எங்கிருந்து பூச்சி வரும்?"

ஃபேரர் பார்க்கில் எங்கள் புளோக் மின்தூக்கியில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி இப்படிக் கேட்டார். என் கையில் மிளகு. நாங்கள் தத்தெடுத்த பத்து வார நாய்க்குட்டி. தடுப்பூசிகள் முடியாததால் கீழே தரையில் இன்னும் கால்கூட வைக்கவில்லை. அன்று காலை அது எடுத்த வாந்தியில், வெந்த சேமியாபோல வெள்ளையாக ஒன்று நெளிந்தது. முதல் நாள் மாலை முழுவதும் என் மூன்று வயது மகள் அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை நடுங்கியது.

ஆன்ட்டியின் கேள்வியைத்தான் கால்நடை மருத்துவரிடம் நானும் கேட்டேன். "வெளியிலிருந்து வரவில்லை, அம்மாவிடமிருந்து வந்தது" என்றார்.

தாய் நாயின் தசைகளில் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் உறங்கிக் கிடக்குமாம். அது சினையானதும் அவை விழித்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டியின் உடலுக்குள் போய்விடும். பிறந்த பிறகு பால் வழியாகவும் போகும். கொக்கிப்புழுவும் பாலில் வரும். அது குடலைக் கடித்து ரத்தத்தைக் குடிக்கும். சின்னக் குட்டிக்கு உயிரே போகலாம். ஈறு வெளுத்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ காத்திருக்கக் கூடாது.

என் தவறு வேறு. மிளகின் அட்டையில் இரண்டு முறை பூச்சி மருந்து கொடுத்ததாக எழுதியிருந்தது. தடுப்பூசிபோல அதுவும் முடிந்த கணக்கு என்று நினைத்துவிட்டேன். ஆனால் மருந்து கொல்வது அந்த நேரத்தில் குடலில் இருக்கும் புழுக்களை மட்டுமே. ஈரலிலும் நுரையீரலிலும் சுற்றிக்கொண்டிருப்பவை சில நாள் கழித்துக் குடலுக்கு வந்து சேரும். அதனால்தான் 2 வார வயதில் தொடங்கி, 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். குட்டியின் எடை வாரத்துக்கு வாரம் ஏறுவதால், ஒவ்வொரு முறையும் எடை பார்த்தே அளவு முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த செய்தி எனக்கு இன்னும் புதிது. இதயப்புழு என்று ஒன்று உண்டு. அதைச் சுமந்து வருவது கொசு. கொசுவுக்குப் பத்தாவது மாடியும் ஒரு பொருட்டில்லை! குளிர்காலமே இல்லாத சிங்கப்பூரில் அதற்கு ஆண்டு முழுவதும் வேலை. கடித்து ஆறேழு மாதத்தில் புழு வளர்ந்து, இதயத்திலும் நுரையீரல் ரத்தக் குழாய்களிலும் குடியேறிவிடும். சாதாரணப் பூச்சி மாத்திரை இதைத் தடுக்காது. தனித் தடுப்பு மருந்தை மாதம் தவறாமல் கொடுக்க வேண்டும். வந்த பிறகு சிகிச்சை என்றால் ஊசி, மாதக்கணக்கில் ஓட்டமில்லாத ஓய்வு, பெரிய செலவு. வளர்ந்த நாயைத் தத்தெடுப்பவர்கள் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டே இந்த மருந்தைத் தொடங்க வேண்டும்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "வேப்பங்கொழுந்தும் பூண்டும் அரைச்சுக் குடு" என்றார். விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த தலைமுறை அல்லவா! ஆனால் பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். நமக்கு வாங்கிய பூச்சி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டாம்.

என் மகள்? அங்கேதான் மருத்துவர் என் வயிற்றில் பால் வார்த்தார். உருண்டைப்புழுவின் முட்டை வெளியே வந்த உடனே தொற்றாது. மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். பிறகு ஆண்டுக்கணக்கில் அழியாமல் இருக்கும். அது குழந்தையின் வயிற்றுக்குள் போனால், இளம்புழு சில நேரம் கண் வரை சென்று பார்வையைக் கெடுக்கும். ஆகவே குட்டியின் கழிவை உடனே அள்ளுவதும், சாப்பிடும் முன் கை கழுவுவதும் பாதிப் பாதுகாப்பு. திடலில் நாய்க் கழிவை அப்படியே விட்டுப் போகிறவர்கள், வேறு ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அதை விட்டுப் போகிறார்கள்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் வீட்டில் 'மிளகு மருந்து நாள்'. நாள்காட்டியில் வட்டம் போடுவது மகளின் வேலை. பூச்செடித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டுவது என் வேலை. டெங்கிக்காகச் செய்துவந்தது, இப்போது மிளகுக்காகவும்.

போன வாரம் மின்தூக்கியில் ஆன்ட்டியிடம் பதில் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க மகன் வீட்டு நாய்க்கு ஒரு மருந்தும் குடுக்கிறதில்லையேம்மா" என்றார். அந்த மருத்துவரின் எண்ணைக் கையோடு எழுதிக் கொடுத்தேன்.