இளவேனில் வாசலுக்கு வருகின்றது



ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த நம் முன்னோர், சித்திரை வைகாசி ஆகிய இரு திங்களுக்கும் இளவேனில் என்று பெயரிட்டனர். மேலைநாட்டவருக்கு வசந்தம் என்பது பனி நீங்கும் காலம். ஆதலின் வெயிலையும் வண்ணத்தையும் வீட்டிற்குள் அழைத்து மகிழ்வர். நமக்கோ அது வெயிலின் முன்னுரை. அடுக்களைக்கும் கூடத்திற்கும் உடைப்பெட்டிக்கும் இப்பருவத்தில் எவற்றைத் தேடிக்கொள்ளலாம் என்று கேட்பீர்களாயின், நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: அப்பொருள் வெயிலைத் தணிக்கின்றதா? இக்கேள்விக்கு ஆம் என்று விடையிறுப்பவை பெரும்பாலும் கடைவீதியின் கண்ணாடிப் பேழைகளில் இல்லை. தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் நம் வாசலுக்கே வருகின்றன.

முதலில் வருவது மாவடு. மாசியின் பிற்பகுதியிலேயே கூடைகளில் வந்துவிடும். ஒட்டுமாவின் பிஞ்சு இதற்கு உதவாது. விதையினின்று முளைத்து வளர்ந்த நாட்டு மாவின் பிஞ்சே வேண்டும். காம்பைக் கிள்ளினால் பால் வடிந்து மணம் வீச வேண்டும். கீழே விழுந்து அடிபட்டவற்றை ஒதுக்கிவிட்டு, உருண்டையானவற்றைச் சிறு காம்போடு கழுவி, நிழலில் துணிமேல் பரப்பி ஈரம் போக உலர்த்துக. சிறிது விளக்கெண்ணெய் தடவி, எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி கல்லுப்பு என்னும் அளவில் பீங்கான் சாடியில் அடுக்கடுக்காக இடுக. நாள்தோறும் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். நான்கைந்து நாளில் வடு தன் நீரை விட்டுத் தோல் சுருங்கும். அந்நீரிலேயே மிளகாய், கடுகு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்துச் சேர்த்தால், பதினைந்து நாளில் பதமாகும். கையை விடாதீர்கள், உலர்ந்த மர அகப்பையே சாடிக்குள் செல்லத் தகும்.

இப்பருவம் பெரும்பாலும் நம் தவக்காலத்தோடு ஒட்டியே அமைகின்றது. புலால் துறந்தோம் என்று கூறிக்கொண்டு, தயிர்ச்சோற்றுடன் புது மாவடுவைக் கடிப்பவர் உண்மையில் ஒறுத்தல் செய்கின்றாரா என்னும் ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. இறையியல் நூல்களில் இதற்கு விடை காணேன்.

வேப்பம்பூவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பங்குனியிலும் சித்திரையிலும் மரத்தடியில் துணி விரித்தால் விலையின்றிக் கிடைப்பது அது. வெயிலில் உலர்த்திப் புட்டியில் அடைத்தால் ஆண்டு முழுதும் சாற்றுக்கு உதவும். நெய்யில் கருகச் சிவக்க வறுத்து, இறக்கும் தறுவாயில் சேர்க்க வேண்டும். முன்னரே இட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு மிகுந்து, பிள்ளைகள் மறுமுறை கிண்ணத்தை நீட்டமாட்டார்கள்.

நுங்கும் பதநீரும் இவ்வாறு எளிதாகச் சொல்லிக் கடந்துவிடக் கூடியவை அல்ல. பெண்பனையில் மட்டுமே நுங்கு உண்டு. அம்மரத்தின் பாளையைப் பதநீருக்காகச் சீவினால் அவ்வாண்டு அப்பாளையில் காய் இல்லை. ஆகவே நம் கையில் வந்து சேரும் ஒவ்வொரு குலையும், ஒருவர் பதநீரை விடுத்துத் தெரிந்துகொண்டது. பதநீர் இறக்குபவரோ காலில் தளைநார் பூட்டி, இடையில் பாளை அரிவாளோடு, அறுபது எழுபது அடி உயரமுள்ள மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டும். பாளையின் நுனியை ஒவ்வொரு முறையும் மெல்லியதாகச் சீவ வேண்டும். இருநாள் ஏறத் தவறினால் பாளை வாடி ஊறல் நின்றுவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவதால்தான் அது புளிக்காத பதநீராகின்றது. பூசாவிடில் அதுவே கள். சுண்ணாம்பின் மெல்லிய மணம் அறவே இல்லாத ‘பதநீரை’ச் சாலையோரத்தில் கண்டால் தயங்குக. சர்க்கரை நீருக்கும் அந்நிறத்தை ஊட்டவல்லார் உளர்.

இளநுங்கைப் பெருவிரலால் தோண்டி உண்பதே சிறப்பு. மேல்தோலின் துவர்ப்பை நீக்கிவிட்டு வெண்சதையை மட்டும் கொடுத்துப் பழக்குவது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையன்று. எஞ்சும் நீரை வேர்க்குருவின்மேல் தடவுதல் நம் பாட்டிமார் கண்ட வழக்கம். பதநீரைக் காலையிலேயே, ஓலைப்பட்டையில், நுங்கு மிதக்கப் பருகுதல் வேண்டும். உச்சிப்பொழுது ஏறுமுன் அது தன் சுவையை இழக்கத் தொடங்கும். எஞ்சிய பதநீர் காய்ந்து கருப்பட்டியாகின்றது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டதை நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் இசைவின்றி அதனை வெட்டலாகாது என 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. நன்று. ஆயினும் மரம் நின்றால் மட்டும் போதுமோ? ஏறுபவர் வேண்டுமே! தந்தை ஏறிய மரத்தில் மகன் ஏற மறுப்பதை நான் குறைகூறமாட்டேன். கால் தவறினால் உயிர் போகும் தொழில் அது. அதன் வருவாயோ சில திங்களுக்கே. இந்நிலையில், அச்சிட்ட விலைக்கு வாய் திறவாமல் குளிர்பானப் புட்டியை வாங்கும் நாம், நுங்குக்காரம்மாவிடம் மட்டும் ‘இன்னும் ஒன்று போடு’ என்று வழக்காடுவது எவ்வகை நீதி? தாய்மார்கள் சினம் கொள்ள வேண்டா. தந்தையரையும் சேர்த்தே சொல்லுகின்றேன். கேட்கும் விலையைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வேனிலிலும் அவர் நம் தெருவுக்கு வருவதற்கு அதைவிட வலிய காரணம் வேறில்லை.

இனிக் கூடத்திற்கு வருவோம். மண்பானை நீரில் ஒரு பிடி வெட்டிவேர், சாளரத்தில் நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி, இவ்விரண்டும் இருந்தால் பிற்பகல் பொறுக்கத்தக்கதாகும். தரைக்குப் பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, நூல்பாவில் கோத்து நெய்யப்படும் நேர்த்தியான பாய் துணியைப் போல் மடியும். அதன் விலையைக் கேட்டு மருள்வோர் உண்டு. நாள்தோறும் படுப்பதற்கு அவ்வூரிலேயே நெய்யப்படும் சாதாரணக் கோரைப்பாய் போதும். வியர்வைக்கு அதுவும் குளுமைதான். பிளாஸ்டிக் பாயில் உறங்கி எழுந்தவரின் முதுகைப் பார்த்தவர்க்கு மேலும் விளக்கம் தேவையில்லை. புனித சவேரியார் 1542-இல் வந்திறங்கிய மணப்பாட்டின் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளும் இப்பருவத்தில் அழகுக்காகவும் பயனுக்காகவும் வாங்கத்தக்கவை. வெங்காயம் அவற்றில் வியர்க்காது.

குருத்து ஞாயிறன்று நாம் ஏந்தும் ஓலையையும் இங்கே நினைவுகூர்வேன். அதனைச் சிலுவையாக மடித்துத் திருவுருவப் படத்தின் பின்னே செருகிவைத்து, மறு ஆண்டு திருநீற்றுப் புதனுக்கென ஆலயத்தில் ஒப்படைக்கும் வழக்கம் பல இல்லங்களில் இன்றும் உண்டு. கிளியும் பந்தும் தோரணமும் குருத்தோலையில் பின்னத் தெரிந்த முதியவர் உங்கள் ஊரில் எவரேனும் உளரா? இருந்தால், விடுமுறையில் உள்ள சிறாரை ஒரு பிற்பகல் அவரிடம் அனுப்புங்கள். நைலான் மலர்ச்சரம் தூசியைச் சேர்ப்பதன்றி வேறொன்றும் கற்பிப்பதில்லை.

உடையைப் பற்றிப் பேசப் பங்குக் குருவுக்கு என்ன தகுதி என்பீர்கள். வேனிலில் பாலியெஸ்டர்ப் பூசையாடை அணிந்து, மின்விசிறி நின்றுபோன ஆலயத்தில் நெடிய திருப்பலி நிறைவேற்றியவனுக்கு அத்தகுதி உண்டு! வியர்வையை உறிஞ்சுவது பருத்தி. மதுரைச் சுங்குடி இப்பருவத்திற்கென்றே பிறந்தாற்போன்றது. சௌராட்டிரப் பெண்கள் துணியை நகநுனியளவு எடுத்து, நூலால் இறுகக் கட்டிக் கட்டி, சாயத்தில் தோய்த்தபின் முடிச்சை அவிழ்ப்பர். சாயம் புகாத இடமெல்லாம் புள்ளியாகும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது அது. ஆனால் இன்று சுங்குடி என்னும் பெயரில் விற்பவற்றுள் பெரும்பாலானவை அச்சிட்ட புள்ளிகள். கைமுடிச்சில் ஒரு புள்ளி மற்றொன்றைப் போல் இராது. முடிச்சின் சுருக்கமும் துணியில் எஞ்சியிருக்கும். அச்சுச் சேலையையும் வாங்கலாம், குற்றமில்லை. அதனை அச்சு என்று அறிந்து, அச்சுக்குரிய விலைக்கே வாங்குங்கள்.

இறுதியாகப் புதுநன்மைப் பிள்ளைகளின் உடை. பல பங்குகளில் இக்கொண்டாட்டம் கோடை விடுமுறையில் நிகழ்கின்றது. வலைத்துணி மூன்றடுக்கு, உள்ளே நைலான், கையுறை, தலையில் முடி, இத்தனையும் சுமந்து எட்டு வயதுச் சிறுமி புழுக்கத்தில் நிற்கின்றாள். ஆண்பிள்ளைக்கோ கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு. ஒருநாள் உடுப்புக்காகக் கடன் வாங்கும் குடும்பங்களும் உண்டு. அக்கடனை அடைக்கும் தந்தையின் முகத்தையும் நான் காண்கின்றேன். வெள்ளைப் பருத்திப் பாவாடையும் சட்டையும் போதும். பையனுக்கு வெள்ளை வேட்டியோ கால்சட்டையோ அமையும். கழுத்தோரம் சிறு பூவேலைப்பாடு வேண்டுமாயின் அத்தையோ பெரியம்மாவோ இட்டுத் தரலாம். விழாவுக்குப் பின்னும் ஓராண்டு ஞாயிறுதோறும் அணியக்கூடியது. தைப்பவர்க்கு உயிர்ப்பு விழா வேலையும் பள்ளிச் சீருடை வேலையும் ஒருசேரக் குவியும் காலம் இது. ஆகவே துணியைப் பங்குனியிலேயே வாங்கி, இருமுறை நனைத்துச் சுருங்கவிட்டு, அதன் பின்னர் அளவு கொடுங்கள்.