கரைக்கு வந்த சாட்சிகள்

தாம்பரத்திலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் ஞாயிறு மாலைகளில் நீலாங்கரைக்கும் கோவளத்துக்கும் காற்று வாங்கப் போகும் தோழர்கள், 2025 சனவரியில் கண்ட காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். கிளிஞ்சல் பொறுக்கச் சென்ற குழந்தைகளின் காலடியில் பிணங்கள்! பங்குனி ஆமைகள், நூற்றுக்கணக்கில், சென்னைக்குத் தெற்கே கரையெங்கும் செத்துக் கிடந்தன.

நோயா? நஞ்சா? விதியா? உடலே விடை சொல்லிற்று. பிதுங்கிய கண்கள், வீங்கிய கழுத்து. மூச்சுத் திணறிச் செத்ததன் அடையாளங்கள் அவை. ஆமை வாழ்வது நீரில். மூச்சு விடுவதோ நம்மைப்போல் நுரையீரலால். அமைதியாக இருந்தால் நெடுநேரம் மூச்சடக்கும். வலையில் சிக்கிப் பதறினாலோ, அந்த மூச்சு விரைவில் தீர்ந்துவிடும். ஆற்றிலே வாழும் நீர்நாய்க்கும் வலைக்குள் இதே கதிதான். நீந்தப் பிறந்த உயிர் நீரிலேயே மூழ்கிச் சாகிறது, என்ன கொடுமை!

வலை யாருடையது? கட்டுமரக்காரன் தலையில் பழியைக் கட்டச் சிலர் துடிக்கிறார்கள். அவன் வலையிலும் ஆமை சிக்குவதுண்டு, மறைக்கவில்லை. ஆனால் மணிக்கணக்கில் கடலை வாரி இழுக்கும் இழுவைமடிக்கு முன்னே அவன் வலை எம்மாத்திரம்? கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாது என்கிறது தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். 1983-இல் வந்த சட்டம். அந்த எல்லை மதிக்கப்பட்டிருந்தால் இத்தனை பிணங்கள் ஒதுங்கியிருக்குமா? எல்லை தாண்டிவரும் இழுவைமடி ஆமையை மட்டுமா கொல்கிறது? ஏழை மீனவனின் மீனையும் அல்லவா அள்ளிப் போகிறது!

வழி இல்லையா? இருக்கிறது. இழுவைமடிக்குள் சாய்வாக ஒரு கம்பித் தட்டி. மீன் அதன் ஊடே போகும், ஆமை அதில் மோதித் திறப்பு வழியே தப்பும். ஆமை காக்காத வலையில் பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா 1989-இலேயே சட்டம் செய்தது. அதன் அடி நம் நாட்டுக் கடல் இறால்மீதும் விழுந்திருக்கிறது. ஆமையைக் காப்பது மீனவன் வயிற்றில் அடிப்பது என்போர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

1988 முதல் மாணவர்கள் இரவிரவாக இந்தக் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள். மாணவன் முட்டையைக் காக்க, தாயைக் கடலில் சாகவிடுவதா? 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அதிகாரிகளும் ரோந்து என்றார்கள், நடவடிக்கை என்றார்கள்.

நாம் கேட்பது மூன்று. சனவரி முதல் ஏப்ரல் வரை ஓயாத ரோந்து. அரசுச் செலவில் ஒவ்வொரு இழுவைமடிக்கும் தட்டி. ஒதுங்கும் ஒவ்வோர் உடலின் காயத்தையும் குறித்து, மக்கள் பார்வைக்கு வைக்கும் பதிவேடு. குழிதோண்டிப் புதைத்தால் நாற்றம் அடங்கும், குற்றம் அடங்காது.

சாட்சி கரைக்கே வந்து கிடக்கிறது. விசாரிக்க ஆள்வோருக்குத் தயக்கம் ஏன்?