பரிகாரியார் ஏடு நியாயமன்றில் பேச வேண்டும்!

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதை அமெரிக்கா 1995ஆம் ஆண்டிலே "கண்டுபிடித்தது". அவ்வாண்டு மார்ச் மாதம் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு ஐக்கிய அமெரிக்க அரசு வழங்கிய 5,401,504ஆம் இலக்க ஆக்கவுரிமைப் பத்திரம் அப்படித்தான் கூறிற்று. நம் பாட்டிமார் அதனை வாசித்திருப்பின் அடுப்படியில் இருந்தவாறே சிரித்திருப்பர். ஆனால் பாட்டியின் சிரிப்பு நியாயமன்றில் சாட்சியாகாது. அந்த உண்மையை நம்மவர் இன்னும் உணரவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

ஆக்கவுரிமைச் சட்டத்தின் அடிப்படை எளியது. புதியதைக் கண்டவனுக்கே தனியுரிமை. உலகம் முன்னரே அறிந்ததற்கு எவருக்கும் தனியுரிமை இல்லை. முன்னரே அறிந்தது எது என்பதற்கு விடை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. அக்கால அமெரிக்கச் சட்டம், தன் நாட்டுக்குள் வழங்கிய அறிவையும் பழக்கத்தையும் ஏற்றுக்கொண்டது. அந்நிய நாட்டின் அறிவாயின் அது அச்சில் வந்திருக்க வேண்டும் என்றது. அமெரிக்கக் கிழவியின் வாய்மொழி அறிவு அறிவாம்; ஆசியக் கிழவியின் வாய்மொழி அறிவு காற்றாம்! இந்த ஓரவஞ்சனை 2011இல் இயற்றப்பட்டு 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தாலேயே நீங்கிற்று.

அதனாற்றான் இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996இல் மஞ்சள் வழக்கை எடுத்தபோது பாட்டியை அழைத்துச் செல்லவில்லை. 32 ஆவணங்களைக் கொண்டு சென்றது. சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வந்த கட்டுரையும் அவற்றுள் இருந்தன. 1997இல் அக்கோரிக்கைகள் தள்ளப்பட்டன. எழுத்து வென்றது.

வேம்பின் கதையும் இதுவே. வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சண நோயை அடக்கும் முறைக்கு, அமெரிக்க விவசாயத் திணைக்களமும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்னும் கம்பனியும் 1994இல் ஐரோப்பிய ஆக்கவுரிமை பெற்றன. 1995இல் எதிர்ப்பு எழுந்தது. இந்தியாவில் அது முன்னரே பயன்பட்டது என்ற சாட்சியம் வைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பத்திரம் நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துப் பயிருக்குத் தெளிக்கும் கமக்காரன், தன் கைப்பழக்கத்தைத் தனதென்று நிறுவப் பத்தாண்டு வழக்காட வேண்டுமாயின், அவனுக்காக வழக்காட எவரும் இல்லாத நாட்டில் அவன் கதி என்ன?

நம் தீவிலே எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. கோதல ஹிம்புட்டு என்று சிங்கள வைத்தியரும், பொன்கொரண்டி என்று நம் சித்த வைத்தியரும் அழைக்கும் கொடியை நீரிழிவுக்குரிய மருந்தாக இத்தீவு நெடுங்காலமாக அறியும். அதன் மரத்தாற் கடைந்த குவளையில் இரவு முழுவதும் நீரை வைத்து விடிந்ததும் பருகுவது நாட்டு வழக்கம். அக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த, சர்க்கரைச் சமிபாட்டைத் தடுக்கும் சேர்வை ஒன்றுக்கு யப்பானிய நிறுவனம் ஒன்று 2002இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றது. பிரித்தெடுத்த சேர்வை புதியது என்பது அவர்கள் வாதம். சட்டம் அதற்கு இடங்கொடுக்கின்றது. ஆயின் எந்தக் கொடியைப் பிழிய வேண்டும், எந்த நோய்க்குச் சோதிக்க வேண்டும் என்ற வழியைக் காட்டியவன் யார்? காட்டியவனுக்குப் பங்கு எங்கே? இங்கே சிங்களக் கிராமத்து வெதமாத்தியாவும் நமது பரிகாரியாரும் ஒரே படகில் இருக்கின்றனர் என்பதை இனவாதம் பேசுவோர் கவனிப்பாராக.

ஆகவே இரண்டு கோட்டைகள் வேண்டும். ஒன்று, முன்னறிவை ஆவணமாக்கிப் பிறர் தனியுரிமை கொள்ளாது தடுப்பது. மற்றது, நம் அறிவால் வரும் ஊதியத்தில் நமக்குப் பங்கு பெறுவது. முதலாவது இருந்தால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று நம்புவோர் ஏமாறுவர்.

முதற் கோட்டைக்கு இந்நாட்டுச் சட்டம் வழி வைத்துள்ளது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 64ஆம் பிரிவு, எழுத்தால், வாய்மொழியால், பயன்பாட்டால் உலகில் எங்கேனும் பகிரங்கமான அனைத்தையும் முன்னறிவாக ஏற்கின்றது. நல்லது. ஆயின் அதே சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பு அளித்துவிட்டு, நாட்டு வைத்தியத்துக்கு அத்தகைய பாதுகாப்பை வைக்கவில்லை. நாட்டார் பாடலுக்குக் காவல் உண்டு. நாட்டு மருந்துக்குக் காவல் இல்லை! 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டமோ ஆயுர்வேதம் என்ற ஒரு சொல்லுக்குள் சித்தத்தையும் யூனானியையும் அடக்கிவிட்டது. பெயரையே இழந்த வைத்தியம் உரிமையை எங்ஙனம் கோரும்?

"நம் முறைகளை வெளியிட்டால் எல்லாரும் எடுத்துக்கொள்வர், மூடி வைப்பதே காவல்" என்போர் உளர். பரம்பரை வைத்தியக் குடும்பங்களில் இவ்வெண்ணம் வலிது. அதன் நியாயத்தை நாம் மதிக்கின்றோம். எனினும் சட்டம் அறிந்தவர் என்ற முறையிற் சொல்கின்றோம்: பகிரங்கமாகாத அறிவு முன்னறிவு ஆகாது. பெட்டியிற் பூட்டிய ஏடு பிறன் பத்திரத்தைத் தடுக்க வல்லதன்று. ஊர் முழுதும் அறிந்த கைமருந்தை அச்சேற்றுங்கள். குடும்பம் மட்டும் அறிந்த முறையாயின், எழுத்து மூலமான உடன்படிக்கை இன்றி எந்த ஆராய்ச்சியாளருக்கும் வேரையோ விபரத்தையோ கொடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே, தெரிந்தவருக்கெல்லாம் சொல்லிவிட்டு எங்கும் எழுதாமல் விடும் பழக்கமே நம்மைக் கெடுப்பது.

எழுதியவர்களும் நம்மிடை இருந்தனர். யாழ்ப்பாண அரசர் காலத்துப் பரராசசேகரம் என்னும் வைத்திய நூலை ஏழாலைப் பொன்னையபிள்ளை ஏட்டிலிருந்து எடுத்து அச்சேற்றினார். அந்த அச்சும் அதன் திகதியும் இன்று எந்நாட்டு ஆக்கவுரிமை அலுவலகத்திலும் வைக்கத்தக்க சாட்சி. அவ்வாறு அச்சேறாத ஏடுகள் எத்தனை? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. "எழுத்திற் காட்டு" என்று உலகம் கேட்கின்றது. எழுத்தை எரித்தவர்கள் அதற்கு என்ன விடை கூறுவர்?

இந்தியா 2001இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்நூலகம் சித்த வைத்திய நூல்களையும் உட்படுத்தி, முறைகளை ஐந்து சர்வதேச மொழிகளில் ஆக்கியது. 2009 முதல் ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகப் பரிசோதகர் அதனை நோக்க ஒழுங்காயிற்று. 2024 மே 24ஆம் நாள் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, ஆக்கவுரிமை கேட்பவன் தாவரமும் அதனைச் சார்ந்த பாரம்பரிய அறிவும் எங்கிருந்து வந்தன என்று வெளிப்படுத்த வேண்டும் என்கின்றது. ஆனால் வெளிப்படுத்தத் தவறியமை ஒன்றை மட்டும் காரணமாக்கி, மோசடி நோக்கம் இல்லாதவிடத்து, பத்திரத்தை நீக்க இயலாது என்று அதுவே வாசலையும் திறந்து விட்டிருக்கின்றது. ஆகவே அந்நியர் எழுதிய உடன்படிக்கையை நம்பி உறங்குதல் பேதைமை.

நாம் கேட்பவை இவை. சித்த வைத்தியத்துக்கெனத் தமிழ் மொழியிற் பதிவேடு வேண்டும். மூலத் தமிழும் உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பும் சாட்சியாக ஏற்கப்பட வேண்டும். ஒவ்வொரு மூலிகைக்கும் தமிழ்ப் பெயரோடு தாவரவியற் பெயரும் எழுதப்பட வேண்டும். பொன்கொரண்டி என்ற சொல்லை வெளிநாட்டுப் பரிசோதகர் எங்ஙனம் தேடுவார்? அறிவைக் கொடுத்த சமூகத்துக்கு ஊதியப் பங்கு சட்டத்தால் உறுதியாக வேண்டும். 1992ஆம் ஆண்டின் உயிர்ப் பல்வகைமை உடன்படிக்கையை 1994இல் உறுதிசெய்த அரசு, அதன் பங்கீட்டுக் கடமையைக் கடதாசியில் விட்டு வைத்தல் ஆகாது.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்கலாமா? ஆகாது. வீட்டுப் பரணில் ஏடு வைத்திருப்போர் அதனைப் படம் பிடித்துத் திகதியிட்டு நூலகம் சேர்ப்பிக்கட்டும். ஆசிரியர்கள் பிரதி செய்யட்டும். வைத்தியர்கள் பொருள் கூறட்டும். சட்டத்தரணிகள் வெளிவரும் ஆக்கவுரிமைகளைக் கண்காணித்து, தகாதவற்றைச் செல்லாதவையாக்க நீதிமன்றம் செல்லட்டும். கமக்காரர் தம் தோட்டத்து வழக்கங்களை ஊர்ச் சங்கங்களிற் சொல்லி எழுதுவிக்கட்டும். நிலத்தை உறுதி கொண்டு காத்த இனம் நாம். அறிவுக்கும் உறுதி எழுதும் காலம் வந்துவிட்டது, இன்றே தொடங்குவோம்!