பந்து கொடுத்தால் போதுமா?

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் 6 ஆந் திகதி, அபிவிருத்திக்கும் சமாதானத்துக்குமான சர்வதேச விளையாட்டுத் தினம் கொண்டாடப்படுகிறது. 1896 இல் ஏதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் போட்டிகள் ஆரம்பமான நாள் அது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2013 இல் அதனைப் பிரகடனம் செய்தது. அந்நாளை ஒட்டிப் பத்திரிகைக் காரியாலயங்களுக்கு வந்து சேரும் அறிக்கைகளை வாசித்து வாசித்து எனக்கு மனப்பாடமாகிவிட்டது. விளையாட்டு இளைஞரைப் போதையிலிருந்து மீட்கும், ஒழுக்கத்தை வளர்க்கும், பிரிந்த இனங்களை இணைக்கும், தலைமைத்துவப் பண்பை ஊட்டும். இவையெல்லாம் யாரால், எவ்வாறு, எத்தனை ஆண்டுகளில் நிகழும் என்பதை மாத்திரம் எந்த அறிக்கையும் சொல்வதில்லை.

என் வாதத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். விளையாட்டுக்கு அத்தகைய மந்திர சக்தி எதுவுமில்லை. மைதானத்தில் நட்பு வளர்வது போலவே பகையும் வளரும். ஊருக்கும் ஊருக்கும் இடையில் உதைபந்தாட்டப் போட்டி முடிந்து பொல்லுகளுடன் நின்றவர்களை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். விளையாட்டு ஒரு கருவி. அதனை இளைஞர் கையில் கொடுத்து, நிர்வாகத்தையும் அவர்களிடமே ஒப்படைத்து, பத்து இருபது ஆண்டுகள் கூட நின்றால் ஓர் ஊர் மாறக்கூடும். ஒருநாள் சுற்றுப்போட்டி நடத்திவிட்டுப் போனால் படம் மாத்திரமே மிஞ்சும்.

இந்தச் சிந்தனை சர்வதேச அரங்கில் செல்வாக்குப் பெற்ற வரலாறும் நோக்கத்தக்கது. 2001 இல் ஐ.நா. செயலாளர் நாயகம் கொபி அனான், விளையாட்டுக்கென விசேட ஆலோசகர் ஒருவரை நியமித்தார். 2003 நவம்பரில் விளையாட்டைக் கல்வி, சுகாதாரம், அபிவிருத்தி, சமாதானம் ஆகியவற்றுக்கான சாதனமாக ஏற்றுப் பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. 2005 ஆம் ஆண்டு சர்வதேச விளையாட்டு, உடற்கல்வி ஆண்டாக அறிவிக்கப்பட்டது. இதற்கென இயங்கிய ஐ.நா. அலுவலகமோ 2017 இல் மூடப்பட்டுவிட்டது. அலுவலகம் போயிற்று, தினம் மாத்திரம் இருக்கிறது. வளர்முக நாடுகளின் இளைஞர் விவகாரத்தில் உலகம் காட்டும் அக்கறையின் இலட்சணத்துக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஆனால் இந்த அறிக்கைகளுக்கும் தீர்மானங்களுக்கும் வெகு காலம் முன்னரே, எவருடைய பிரகடனத்துக்கும் காத்திராமல், கென்யாவின் தலைநகரில் ஒரு காரியம் நடந்தது. நைரோபியின் மிகப் பழைய சேரிகளுள் ஒன்று மத்தாரே. தகரக் கொட்டில்கள் ஒன்றையொன்று முட்டி நிற்கும் இடம். மாநகர நிர்வாகம் குப்பை அள்ள வராது. வடிகான்கள் அடைத்து, மழைக்காலத்தில் நோய் பரவும். பிளாஸ்ரிக் பைகளைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிச் சிறுவர்கள் தாங்களே பந்து செய்து விளையாடுவார்கள். 1987 இல் பொப் மன்றோ என்ற கனேடியர் அவர்களிடம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். நீங்கள் ஏதாவது செய்தால் நானும் செய்வேன். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் நானும் ஒன்றும் செய்யேன் என்பதே அதன் சாரம். மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் அவ்வாறு பிறந்தது.

அந்தச் சங்கம் வகுத்த விதிகளை நமது விளையாட்டு அதிகாரிகள் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். லீக் போட்டியில் வெற்றி பெற்றால் புள்ளி உண்டு. தமது பகுதியிற் குப்பை அகற்றி வடிகானைத் துப்புரவு செய்த அணிக்கும் புள்ளி உண்டு. அந்தப் புள்ளிகளும் அதே லீக் பட்டியலிற் சேரும். ஆகவே நன்றாக ஆடத் தெரிந்த அணி மண்வெட்டியைத் தொடாமல் முதலிடம் பிடிப்பது எளிதன்று. முரட்டாட்டத்துக்கு மஞ்சள், சிவப்பு அட்டைகள் இருப்பது போல, நேர்மையாக விளையாடுபவருக்கு அங்கே பச்சை அட்டையும் உண்டு. சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தல், நடுவராகக் கடமையாற்றல், துப்புரவுப் பணி போன்றவற்றில் ஈடுபடும் இளைஞருக்குத் தனியாகப் புள்ளிகள் வழங்கப்படும். அதிக புள்ளி பெற்றோரின் பாடசாலைக் கட்டணத்தைச் சங்கம் நேரடியாகப் பாடசாலைக்கே செலுத்தும்.

இவற்றினும் முக்கியமானது நிர்வாக முறை. வலயந்தோறும் இளைஞர்கள் தமது பிரதிநிதிகளைத் தாங்களே தெரிவு செய்கிறார்கள். போட்டி அட்டவணை, தண்டனை, பணிகள் யாவும் அவர்களின் குழுக்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றன. நேற்று விளையாடியவர் இன்று பயிற்றுநர், நாளை செயலாளர். 1992 இல் பெண்பிள்ளைகளுக்கும் அணிகள் அமைக்கப்பட்டன. தொண்ணூறுகளில் எயிட்ஸ் விழிப்புணர்வுப் பணியும் சேர்ந்துகொண்டது.

பயன் என்ன? 1992 இல் ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 'குளோபல் 500' விருது இச்சங்கத்துக்குக் கிடைத்தது. சங்கத்திலிருந்து 1994 இல் உருவான மத்தாரே யுனைட்டட் கழகம் 2008 இல் கென்யாவின் தேசிய லீக் கிண்ணத்தை வென்றது. தேர்தலுக்குப் பிந்திய வன்செயல்களால் மத்தாரே உட்பட நாடே பற்றியெரிந்து ஓய்ந்த ஆண்டு அது. பிரான்ஸில் தொழில்முறை ஆட்டக்காரராக விளங்கிய டெனிஸ் ஒலியெக் அந்தக் கழகத்தினூடாக வந்தவர். எனினும் ஒலியெக்கின் பெயரை விட, பெயரறியாத ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் கற்றுக்கொண்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மத்தாரே சொர்க்கமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சேரி இன்றும் சேரிதான். குப்பை அள்ளுவது மாநகர நிர்வாகத்தின் கடமை. அதைப் பிள்ளைகளின் தலையிற் கட்டலாமா என்று ஒருவர் கேட்டால் அக்கேள்வி நியாயமானதே. பிரித்தானிய ஆய்வாளர் பிரெட் கோல்ட்டர் நெடுங்காலமாக வலியுறுத்தி வருவதும் இவ்விடத்திற் பொருந்தும். விளையாட்டில் ஈடுபட்டால் இன்னின்ன நன்மை தானாகவே விளையும் என்று நம்புவது ஆதாரமற்றது. விளையாட்டைச் சூழ எத்தகைய உறவுகளும் ஒழுங்கும் கட்டப்படுகின்றன என்பதையே பார்க்க வேண்டும் என்கிறார் அவர். மத்தாரேயின் வெற்றி பந்தினால் வந்ததன்று. பந்தைச் சுற்றி எழுந்த ஒழுங்கினால் வந்தது.

இனி நமது நாட்டுக்கு வருவோம்.

2002 போர்நிறுத்தத்துக்குப் பிந்திய காலத்தில், கிழக்கில் நடந்த ஒரு 'நட்புறவு'ச் சுற்றுப்போட்டிக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். நடத்தியது ஒரு வெளிநாட்டு அமைப்பு. பெயர் இங்கு அவசியமில்லை. தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்களைக் கலந்து அணி பிரித்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நிற மேலாடை. அதன் முதுகிலே கொடையாளரின் இலச்சினை. நன்றாகத்தான் விளையாடினார்கள். மாலையில் மூன்று பஸ்கள் மூன்று திசைகளிற் புறப்பட்டன. அடுத்த மாதமும் சந்திப்பீர்களா என்று ஓர் இளைஞனிடம் கேட்டேன். "ஆர் அண்ணை பஸ் விடுறது?" என்று திருப்பிக் கேட்டான். அந்த ஒரு கேள்விக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆழிப்பேரலைக்குப் பின்னரும் பந்துகளுக்குக் குறைவிருக்கவில்லை. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் கிண்ணங்களுக்குக் குறைவிருக்கவில்லை. சமாதானத்தின் பெயரிலும் நல்லிணக்கத்தின் பெயரிலும் போட்டிகள் நடந்தன. காணியை இழந்தவனும் பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவளும் வாழும் ஊரில், அவர்களுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் அவர்களின் பிள்ளைகளை மாத்திரம் மைதானத்துக்கு அழைத்துக் கைகுலுக்க வைப்பதற்கு நல்லிணக்கம் என்று பெயர் சூட்டுவது அரசியல் வசதி. நீதிக்கான இடத்தை விளையாட்டைக் கொண்டு நிரப்ப இயலாது.

மறுபுறத்தில் அரசாங்கங்களின் கனவு எங்கே போயிற்று? சூரியவெவயில் 35,000 பேர் அமரக்கூடிய சர்வதேச கிரிக்கெட் மைதானம் எழுந்தது. 2018 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியை அம்பாந்தோட்டையில் நடத்தப்போவதாகப் பெரும் பிரசாரம் செய்தார்கள். 2011 நவம்பரில் அந்த வாய்ப்பு அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகருக்குப் போனது. 2023 ஜனவரியில் எமது உதைபந்தாட்டச் சம்மேளனத்தைப் பீபா இடைநிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் கிரிக்கெட் நிறுவனத்தை ஐ.சி.சி. இடைநிறுத்தியது. பின்னர் இரு தடைகளும் நீக்கப்பட்டன என்பது உண்மை. ஆயினும் ஒரே ஆண்டில் இரு பெரும் விளையாட்டுகளின் தலைமை நிறுவனங்களும் சர்வதேசத் தடைக்குள்ளான நாடு, கிராமத்து இளைஞனுக்கு ஒழுக்கம் போதிக்கப் புறப்படுவது வேடிக்கை.

"மைதானத்துக்குச் செலவிடப் பணமில்லை, 2022 நெருக்கடிக்குப் பின் மருந்துக்கும் உரத்துக்கும் அல்லவா முதலிடம்?" என்று சிலர் கேட்பார்கள். மருந்துக்கே முதலிடம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நான் கேட்பது அரங்கன்று, ஊருக்கொரு வெளி. அந்த வெளியைப் புதிதாக வாங்கவும் தேவையில்லை. இருப்பதைப் பறிக்காமல் இருந்தாற் போதும். 2015 ஜனவரியில் நைரோபியின் லங்காட்டா ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள், தமது விளையாட்டிடத்தை அடைத்துக் கட்டப்பட்ட மதிலை எதிர்த்து நின்றபோது பொலிஸார் அவர்கள்மீது கண்ணீர்ப்புகை வீசினர். உலகமே அதைக் கண்டது. நிலம் பாடசாலைக்கே திரும்பியது. நம் நாட்டில் கண்ணீர்ப்புகைக்குக்கூட வேலையில்லை. மைதானத்தின் ஒரு மூலையில் ஒரு கட்டடம், மறு மூலையில் வாகனத் தரிப்பிடம் என்று ஓசையின்றி வெளி சுருங்கிக்கொண்டு போகிறது. மலையகத்தின் நிலை இன்னும் மோசம். தேயிலை மூடாத சமதரை கிடைப்பதே அரிதான இடத்தில், லயன் அறைகளுக்கு முன்னாலுள்ள ஒடுங்கிய முற்றமே பிள்ளைகளின் மைதானம்.

மத்தாரேயின் பாடத்தை நாம் கென்யாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதுமில்லை. வடபகுதிக் கிராமங்களில் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் அருகருகே வளர்ந்தவை. ஒரு பக்கம் பத்திரிகை விரித்த மேசை, மறு பக்கம் கரப்பந்தாட்ட வலை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே தெரிவு நடக்கும். சந்தா சேர்ப்பதும், சிரமதானம் செய்வதும், கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுவதும் அதே இளைஞர்களே. எந்தக் கொடையாளரும் அவர்களுக்குத் 'தலைமைத்துவப் பயிற்சி' நடத்தவில்லை; தலைமை தாங்கியே அவர்கள் தலைமையைக் கற்றார்கள். யுத்தமும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அந்த அமைப்பைச் சிதைத்தன. இப்போது எஞ்சியிருக்கும் கழகங்களில் வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது. கிண்ணத்தின் உயரமும் கூடியிருக்கிறது. பொதுக்கூட்டத்துக்குத்தான் ஆள் வருவதில்லை.

அந்தப் பழைய அமைப்பிலும் ஒரு பெருங்குறை இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமிருக்கவில்லை. சாதி பார்த்து ஒதுக்கப்பட்டவர்கள் தமக்கெனத் தனிக் கழகம் அமைக்க நேர்ந்த ஊர்களும் உண்டு. பழமையைப் போற்றுகிறவர்கள் இவற்றை மறைக்கக் கூடாது. கென்யாவின் கரையோரமான கிலிஃபியில் 2001 முதல் இயங்கும் 'மூவிங் த கோல்போஸ்ட்ஸ்' என்ற அமைப்பு பெண்பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்டது. அங்கே பெண்பிள்ளைகள் விளையாடுவதோடு நில்லாமல் நடுவர்களாகவும் பயிற்றுநர்களாகவும் நிற்கிறார்கள். நம்மிடையேயும் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை நாட்டுக்குப் பெற்றுத் தந்த அணியில் முன்னின்றார். அவருக்கு மாலையிட்ட ஊர்களில் எத்தனை ஊர்கள், மாலை ஐந்து மணிக்குப் பின் ஒரு பெண்பிள்ளை மைதானத்தில் நிற்பதைச் சகித்துக்கொள்கின்றன?

ஆகவே, இனி எவரேனும் விளையாட்டினால் இளைஞரை மேம்படுத்தப்போகிறோம் என்று ஊருக்கு வந்தால், ஊரவர்கள் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். மைதானம் யாருடைய பெயரில் இருக்கும்? பயிற்றுநருக்கு எத்தனை ஆண்டுகளுக்குச் சம்பளம் கொடுப்பீர்கள்? நிர்வாகக் குழுவை யார் தெரிவு செய்வது? அதில் எத்தனை பெண்கள்? பணம் நின்ற பிறகு இங்கே எது மிஞ்சும்? இவற்றுக்கு நேர்ப் பதில் இல்லையென்றால், கொண்டுவந்த மேலாடைகளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. அரசாங்கத்திடமும் பிரதேச சபைகளிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். அவர்களிடம் இன்னும் உரத்துக் கேட்கலாம், அது நமது வரிப்பணம்.

விளையாடுவது பிள்ளையின் உரிமை என்று சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அதனை 1991 இல் ஏற்றுக்கொண்டது. உரிமையை நன்கொடையாக மாற்றி, அந்த நன்கொடைக்கு நன்றி சொல்லப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதை முதலில் நிறுத்துவோம். வெளியையும், ஒரு பயிற்றுநரையும், தீர்மானிக்கும் அதிகாரத்தையும் அவர்களிடம் கொடுப்போம். பந்தை அவர்கள் எப்படியும் தேடிக்கொள்வார்கள்.