வலி போச்சுன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தமில்லை

கொஞ்சம் நீண்ட பதிவுதான். வீட்டில் இனிப்பு நீர் உள்ள பெரியவங்க இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படிங்க.

கோயில் தொண்டு செய்கிறவன் என்ற முறையில் வெளிப்படையாகவே சொல்றேன். நம்ம ஆலய மண்டபம் மருந்துச் சந்தையாக மாறக்கூடாது. திருவிழா வந்தால் போதும், அன்னதானப் பந்திக்குப் பக்கத்திலேயே ஒரு மேசையைப் போட்டுடறாங்க. "கால் எரிச்சலா? மரத்துப் போச்சா? இந்த எண்ணெயைத் தேய்ங்க, பதினைந்தே நாளில் நரம்பு புதுசாகும்." புலனத்திலும் அதே பாட்டுதான். ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் காலமெல்லாம் உழைத்து ஓய்ந்தவங்க, சாமி சந்நிதியில் விற்கிற பொருள் பொய்யாக இருக்காது என்று நம்பி வாங்குறாங்க. நான் எதிர்ப்பது பாட்டி வைத்தியத்தை அல்ல. இந்த நம்பிக்கையைக் காசாக்குகிற வியாபாரத்தைத்தான்.

2019 தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். அப்படியென்றால் நம்ம சந்நிதியில் நிற்கிற கூட்டத்தில் எத்தனை பேர், யோசிங்க.

கால் ஏன் மரத்துப் போகுது? ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடியே இருந்தால் நரம்பும், நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற நுண்ணிய குழாய்களும் கெட்டுப்போகும். உடம்பிலேயே நீளமான நரம்பு கால் விரலுக்குப் போவதுதான். அதனால் அடி முதலில் விழுவது அங்கே. ஆரம்பத்தில் எரியும், ஊசி குத்தும், ராத்திரியில் தூங்க விடாது. நரம்பு மேலும் செத்தால் அந்த எரிச்சலும் நின்னுடும்.

இங்கேதான் சூது இருக்கு. எரிச்சல் நின்றது, நரம்பு தேறியதாலும் இருக்கலாம், நரம்பு செத்ததாலும் இருக்கலாம். எண்ணெய் விற்கிறவருக்கு இரண்டுமே வெற்றிதான்! "பார்த்தீங்களா, வலி போச்சு" என்பார். போனது வலியா, உணர்ச்சியா என்று அவர் ஒருநாளும் சோதித்துப் பார்ப்பதில்லை.

வேலூர் மருத்துவமனையில் 1940களின் கடைசியிலிருந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் இதைத்தான் உலகுக்குச் சொன்னார். நோய் விரலைத் தின்னவில்லை. வலி தெரியாததால் சூடும் வெட்டும் புண்ணும் கவனிக்கப்படாமல் போய், அதனால்தான் விரல் போச்சு. வலி ஒரு காவல்காரன் என்றார். இனிப்பு நீர் காலுக்கும் அதே கதைதான்.

சரி, விற்கிறதை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

எண்ணெய்: புண்ணில்லாத காலில், சூடு பண்ணாமல் மெதுவாகத் தடவினால் தோல் வெடிக்காது. விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். செத்த நரம்பை எண்ணெய் எழுப்பாது.

சுடுதண்ணியில் உப்பு போட்டுக் கால் வைப்பது: மரத்த காலுக்குச் சூடு தெரியாது. வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வேண்டவே வேண்டாம்.

பாதத்தில் ஒட்டுகிற "விஷமுறி" ஒட்டு: காலையில் கறுத்திருப்பது விஷம் இல்லை. அந்தப் பொடியில் தண்ணி தெளிச்சாலே கறுக்கும்.

மிளகாய்ச் சத்து கிரீம், ஆல்ஃபா லிபோயிக் அமிலம், அக்குபஞ்சர்: வலியைக் கொஞ்சம் குறைக்கும் என்று சில ஆய்வுகள் உண்டு. டாக்டரிடம் சொல்லிவிட்டு, மருந்தை நிறுத்தாமல் பார்க்கலாம். ஊசி போடுபவர் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய மருத்துவச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்க. சித்த, ஆயுர்வேத வைத்தியருக்கும் அதே கேள்விதான்.

நரம்பு வைட்டமின்: மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையலாம். ரத்தத்தில் பார்த்து, குறைவாக இருந்தால் ஈடுகட்டுவது நியாயமான சிகிச்சை. ஆனால் பி6 அளவுக்கு மீறினால் அதுவே காலை மரக்கச் செய்யும். இரண்டு மூன்று டப்பாவை ஒன்றாக விழுங்காதீங்க.

பெயர் தெரியாத ஜாமு, சூரணம்: ரொம்ப ஆபத்து இதுதான். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த பொருள்களைப் பற்றி சுகாதார அமைச்சின் என்.பி.ஆர்.ஏ. பலமுறை எச்சரித்திருக்கு. ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று அமுக்கும், சர்க்கரையை ஏற்றும். வலி குறைந்த சந்தோஷத்தில் நரம்பு இன்னும் கெடும். சில பஸ்பங்களில் ஈயமும் ஆர்சனிக்கும் இருந்ததை ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. அந்த இரண்டுமே நரம்பைக் கெடுக்கிற விஷம். எம்.ஏ.எல். பதிவு எண் இல்லாத டப்பாவைத் தொடாதீங்க.

"சித்தர்கள் தந்ததைக் குறை சொல்றியா?" என்று கேட்பாங்க. நாடி பிடித்து, பத்தியம் சொல்லி, ஆளைப் பார்த்து மருந்து தருவதுதான் அந்த மரபு. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்நூறு பேருக்கும் ஒரே பாட்டில் விற்பது எந்தச் சித்தர் வழி? சட்டமும் இருக்கு. இனிப்பு நீரைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. தடை செய்ததைக் கோபுர நிழலில் செய்தால் அது புண்ணியமாகிவிடுமா?

நம்ம பக்கமும் ஒரு கடமை இருக்கு. செங் சன்னாசிமலை மாசிமகத்துக்கு வெறுங்காலில் தார் ரோட்டில் நடக்கிறோம். உணர்ச்சியுள்ள கால் சுட்டால் ஒதுங்கிவிடும். மரத்த கால் ஒதுங்காது. அவங்க தடித்த காலுறை போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன் வரட்டும். தீமிதி அவங்களுக்கு வேண்டாம். முருகன் கேட்பது மனசை, கால் விரலை இல்லை.

இன்றைக்கே ஒன்று செய்யுங்க. பெரியவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்க விரலால் மெதுவாக ஒரு விநாடி தொடுங்க. அழுத்தவோ தடவவோ வேண்டாம். ஆறில் இரண்டு தெரியவில்லை என்றால் அரசு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். சின்னப் புண்ணோ, நிறம் மாறின விரலோ இருந்தால் அன்றைக்கே போங்க.

ஆலய நிர்வாகங்களுக்குப் பணிவான வேண்டுகோள்: மருந்து விற்பவர்களுக்கு மண்டபம் கொடுக்காதீங்க. அந்த மேசையில் ஒரு தாதியை உட்கார வைத்துப் பக்தர்களின் காலைப் பார்க்கச் சொல்லுங்க. பிராகாரத்தில் நடக்கிற வழிக்கு ஈரச் சாக்கு விரிங்க. எண்ணெய்க் கடை வாடகையில் வருகிற காசை விட, ஒரு பக்தர் அடுத்த மாசிமகத்துக்கும் சொந்தக் காலில் நடந்து வருவதுதான் கோயிலுக்கு வருமானம்.

மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்க, பேசுவோம். விளம்பரத்தை மட்டும் போடாதீங்க, நீக்கிடுவேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!